கால் முந்தினால் கும்மி போச்சு!

ஆபீஸில் உத்தரவு போடுவது சுலபம் ஸார். 80 பேரை ஒரே நொடியில் வலது பக்கம் திரும்ப வைத்துப் பாருங்கள்... முழி பிதுங்கிவிடும்! வள்ளி கும்மியில் 'ஆசிரியர்' பார்க்கிற வேலை அதுதான்.

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் நோம்பி என்றால் வள்ளி கும்மி உண்டு. முருகன் வேடனாக வந்து, வேங்கை மரமாக நின்று, கிழவனாகத் தள்ளாடி, கடைசியில் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்து வள்ளியைக் கைப்பிடிக்கிற கதை. (ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பாடு!) ஆசிரியர் பாடுவார். சுற்றி நிற்பவர்கள் வாங்கிப் பாடி ஆடுவார்கள்.

அமெரிக்காவில் 'ஸ்கொயர் டான்ஸ்' என்று ஒன்று. 4 ஜோடிகள் சதுரமாக நிற்க, 'காலர்' என்கிறவர் அடுத்த அடியைச் சொல்லிக்கொண்டே இருப்பார். (சட்டைக் காலர் இல்லை ஸார், குரல் கொடுப்பவர்!) நம் ஆசிரியருக்குப் பாட்டே கட்டளை. மெட்டு மாறினால் அடியும் மாறும்.

சாயந்திரங்களில் இதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். வாத்தியாரின் முதல் பாடம்: "பாட்டு கெடக்குது கண்ணு. மொதல்ல வட்டத்துல நின்னு ஆடு. காலுக்குத் தெரியாதது வாய்க்கு வராது."

இரண்டாவது: குரல் ஒரு தட்டு முன்னால் போக வேண்டும். "அடி விழுந்தப்புறம் சொன்னா அது கட்டளை இல்ல, பஞ்சாயத்து!"

மூன்றாவது: கண் பின்வரிசையில் இருக்கட்டும். "முன்னால நிக்கறவங்க நீ இல்லாட்டியும் ஆடுவாங்க. கடைசீல நிக்கற பொடுசு தடுமாறுனா, நீதான் வேகத்தைக் கொறைக்கோணும்."

ஒரு காலத்தில் இது ஆண்கள் மட்டும் ஆடிய ஆட்டம். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன், பெண்களையும் வட்டத்துக்குள் கொண்டுவந்தார். 2024-ல், 87 வயதில், அவருக்கு பத்மஸ்ரீ. எங்கள் வட்டத்திலும் இப்போது பாதிக்கு மேல் பெண்கள்தான். ஆட ஆள் இருக்கிறது. பாடத்தான் ஆள் இல்லை. வாத்தியாரிடம் நோட்டுப் புத்தகம் கிடையாது, அத்தனையும் மனப்பாடம். இரண்டு மணி நேரம் பாடினால் தொண்டை கட்டிக்கொள்கிறது.

"ரெக்கார்ட் பண்ணிப் போட்டுட்டா என்னப்பா?" என்றான் நண்பன். போடலாம். ஆனால் ரெக்கார்ட் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்காதே!

போன வாரம் ஒரே ஒரு பாட்டுக்கு மைக் என் கைக்கு வந்தது. வாத்தியார் நகர்ந்து போய் வட்டத்தில் நின்று கொண்டார்.

பின்வரிசையில்!