துணி நாப்பியும் கைக்குழந்தையின் தோற்புண்ணும்

கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்மாரிடமிருந்து அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. பிள்ளையின் பிட்டத்திலும் தொடையிலும் தோல் கன்றிவிட்டது, நாப்பி மாற்றும்போதெல்லாம் பிள்ளை வீரிட்டு அழுகின்றது என்பதே அது. துணி நாப்பி பாவிப்போர் இதனோடு இன்னொரு கேள்வியையும் தயங்கித் தயங்கிக் கேட்கின்றனர். நாலு பணத்தை மிச்சம்பிடிக்கப் போய்ப் பிள்ளையை நோகடிக்கின்றோமோ என்று.

அப்படியில்லை. துணி புண்ணை உண்டாக்குவதில்லை. ஈரமான துணி தோலோடு ஒட்டிக்கிடக்கும் நேரமே புண்ணை உண்டாக்குகின்றது. ஒருதடவை பாவித்து எறியும் நாப்பிகளுள், நீரை உறிஞ்சிக் களியாக்கும் பொருள் 1980களின் நடுப்பகுதியில் சேர்க்கப்பட்டது. அதன்பின் அவை தோலை உலர்வாக வைத்திருப்பதில் துணியை முந்திக்கொண்டன என்பது உண்மையே. ஆயினும் அவை தோற்புண்ணைத் தடுக்கின்றன என்று நிறுவப் போதிய தரமான ஆய்வுகள் இல்லை என்றே 2006இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்புக் கூறிற்று. ஆகவே துணியைத் தெரிவுசெய்த தாய் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஆனால் துணி சற்றுக் கூடுதலான கவனத்தைக் கேட்கும். அக்கவனம் எங்கே தேவை என்பதையே இவ்வாரம் பார்ப்போம்.

முதலில் புண் வரும் விதம். 1921இல் அமெரிக்க வைத்தியர் ஒருவர், மலத்திலுள்ள ஒருவகைப் பற்றீரியா சிறுநீரிலுள்ள யூரியாவைப் பிரித்து அமோனியாவை உண்டாக்குகின்றது, அதுவே பிள்ளையின் தோலைச் சுடுகின்றது என்று எழுதினார். காலையில் நாப்பியை அவிழ்க்கும்போது மூக்கில் ஏறும் அந்தக் காரமணம் அமோனியாவினுடையதே. நெடுங்காலம் இதுவே முழுக் காரணம் என நம்பப்பட்டது. 1980களில் நடந்த ஆய்வுகள் விடயத்தைத் தெளிவாக்கின. சாதாரணமாகத் தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது. அமோனியா அதனைக் காரத்தன்மைக்கு மாற்றுகின்றது. கார நிலையில், மலத்திலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதியங்கள் வேகம் பெற்று, ஏற்கெனவே ஈரத்தில் ஊறி மெலிந்த தோலை அரிக்கத் தொடங்குகின்றன. சிறுநீரும் மலமும் சேர்ந்து கிடப்பதே பெருங்கேடு என்பது இதிலிருந்து விளங்கும். தாய்ப்பால் மாத்திரம் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் இந்நொதியங்களின் வேகம் குறைவு. அதனாலேயே, வேறு உணவு ஊட்டத் தொடங்கிய பின்னர், குறிப்பாக ஒன்பது முதல் பன்னிரண்டு மாதப் பருவத்தில் இப்புண் மிகுதியாக வருகின்றது.

ஊரில் எங்கள் பிள்ளைகளுக்கு இத்தொல்லை குறைவாயிருந்தது என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பழைய வேட்டியைக் கிழித்து ஒரு மடிப்பாகக் கட்டுவார்கள். நனைந்தால் உடனே தெரியும், உடனே அவிழ்ப்பார்கள். பாதி நேரம் பிள்ளை அரைஞாணோடு மாத்திரம் முற்றத்தில் தவழும். துணிகள் ஒரு மணித்தியால வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். இங்கே அதே துணியைப் பல மடிப்பாக்கி, அதன்மேல் நீர் கசியாத காற்சட்டையை இறுக்கி, அதன்மேல் குளிருடையையும் போடுகின்றோம். துணி ஒன்றாயினும் உள்ளே நிலவும் புழுக்கம் வேறு.

சலவையில் எழும் சிக்கல் சுவிஸில் வாழ்வோருக்கு நன்கு தெரிந்தது. பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் நிலக்கீழ் அறையில் எல்லோருக்கும் பொதுவான ஒரு சலவை இயந்திரமே இருக்கும். எமக்குரிய சலவை நாள் கிழமைக்கு ஒருதடவை, சில இடங்களில் இரண்டு கிழமைக்கு ஒருதடவைதான் வரும். ஞாயிற்றுக்கிழமையிலும் இரவிலும் இயந்திரத்தை இயக்கக்கூடாதென்ற விதியும் பல வீடுகளில் உண்டு. நாப்பியோ இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்காது. எனவே பிள்ளை பிறக்குமுன்னரே வீட்டுப் பொறுப்பாளரிடம் சென்று, கைக்குழந்தை வரவிருக்கின்றது, கிழமையில் இரண்டு மூன்று தடவை ஒரு சிறு சலவைக்கு இடந்தரமுடியுமா என்று கேட்டுவையுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு இருந்துவிடுவதே எம்மவரின் வழக்கம். கேட்டால் அயலவரோடு பேசி ஒழுங்குசெய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இடம் கிடைக்காவிட்டால், இருபது இருபத்துநான்கு நாப்பிகளை வைத்துக்கொண்டு, இடைநாட்களில் ஒரு பெரிய பாத்திரத்தில் அவித்துக் கையால் அலசலாம். அதுவும் இயலாத குடும்பம் பகலில் துணியும் இரவில் கடை நாப்பியுமாகச் சமாளிப்பது அறிவுடைமையே.

அழுக்கு நாப்பிகளை நீர் நிறைத்த வாளியில் நாட்கணக்காக ஊறவிடாதீர்கள். நாற்றமும் கிருமியும் பெருகுவது ஒருபுறம். தவழும் பிள்ளை தலைகீழாய் விழுந்து மூழ்குவதற்கு அந்தச் சிறுவாளித் தண்ணீரே போதும். மலத்தை மலசலகூடத்தில் தட்டி, இரவு நாப்பியைக் குளிர்நீரில் ஒருமுறை அலசிப் பிழிந்து, காற்றோட்டமுள்ள கூடையில் போட்டுவைப்பதே நல்லது.

சலவை இயந்திரத்தில் 60 பாகை வெப்பம் வேண்டும். பருத்தித் துணியாயின் 95 பாகையையும் தாங்கும். மேற்காற்சட்டையை மட்டும் அதன் குறிப்பைப் பார்த்துத் தனியே தோய்க்கவேண்டும். சலவைத்தூளின் அளவுதான் பலர் கவனியாத இடம். சுவிஸின் மத்திய சமவெளியில் பல ஊர்களின் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த வன்னீர். இந்நாட்டில் நீரின் வன்மையைப் பிரெஞ்சுப் பாகையில் அளப்பார்கள். 25க்கு மேற்பட்டால் வன்னீர் என்று கொள்ளலாம். உங்கள் ஊராட்சிக் காரியாலயத்தில் கேட்டால் அளவைச் சொல்வார்கள். சலவைத்தூள்ப் பெட்டியில் வன்மைக்கேற்ற அளவு அச்சிடப்பட்டிருக்கும். சிக்கனமென்று குறைத்துப் போட்டால் சிறுநீர் முற்றாக அகலாது. தாராளமாய்ப் போட்டால் தூள் துணியில் தங்கித் தோலை உறுத்தும். சோதிப்பது எளிது: தோய்த்துக் காய்ந்த நாப்பி ஒன்றைச் சுடுநீரில் போடுங்கள். நுரை வந்தால் தூள் எஞ்சியிருக்கின்றது. காரமணம் வந்தால் சிறுநீர் எஞ்சியிருக்கின்றது. இரண்டுக்கும் மேலதிகமாக ஒருதடவை அலசுவது உதவும். வாசனைத் துணி மென்மையாக்கி வேண்டவே வேண்டாம். அது நூலின்மேல் மெல்லிய படையாகப் படிந்து, துணி நீரை உறிஞ்சாமல் செய்துவிடும். வெப்பக்கணப்பின்மேல் காய்ந்து பலகைபோல் விறைத்த நாப்பியை இரு கைகளாலும் உதறிக் கசக்கிவிட்டுக் கட்டினாற் போதும்.

பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதடவையும், மலம் கழித்தவுடனேயும் நாப்பியை மாற்றவேண்டும். பிறந்து சில வாரங்களேயான சிசுவுக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஆகலாம். துடைப்பதா, கழுவுவதா என்றால் இவ்விடயத்தில் எம்மவர் பழக்கமே மேலானது. வெதுவெதுப்பான நீரை வார்த்துக் கழுவி, மென்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கவேண்டாம். சவர்க்காரம் ஒவ்வொரு தடவையும் தேவையில்லை. வெளியே செல்லும்போது ஈரத்தாள் பாவிப்பதாயின் வாசனை சேராததை வாங்குங்கள். இறப்பர்போன்ற இறுக்கமான மேற்காற்சட்டைக்குப் பதில், கம்பளியாற் செய்த மேற்காற்சட்டை கிடைத்தால் காற்று ஊடாடும்.

இவ்வளவு செய்தும் தோல் கன்றிவிட்டதா? முதல் மருந்து காற்று. நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடமாவது, வெப்பமான அறையில் ஒரு தடித்த துவாயின்மேல் பிள்ளையை நாப்பியின்றிக் கிடத்துங்கள். இடுப்பில் ஈரமாய் உராயும் அரைஞாண் கயிற்றையும் புண் ஆறும்வரை கழற்றிவையுங்கள். அடுத்தது, நாக ஒட்சைட்டு அடங்கிய தடித்த வெண்பசை. மருந்தகத்தில் சிங்க் பசை என்று கேட்டால் வைத்தியரின் துண்டு இல்லாமலே தருவார்கள். அதனை மெல்லப் பூசுவதில் பயனில்லை. ரொட்டியில் பட்டர் பூசுவதுபோல் தடிப்பாகப் பூசவேண்டும். ஈரம் தோலைத் தொடாமல் மறிப்பதே அதன் வேலை. அடுத்த தடவை மாற்றும்போது முழுவதையும் சுரண்டி எடுக்காமல், மேலே அழுக்கான பகுதியை மட்டும் எண்ணெய் தொட்ட பஞ்சினால் நீக்கி, அதன்மேலேயே மறுபடி பூசுங்கள். துணி நாப்பி பாவிப்போர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: இப்பசையும் வாஸ்லினும் துணியில் ஏறினால் துணி நீரை உறிஞ்சாது. இடையில் ஒரு மெல்லிய துணித்துண்டையோ தாளையோ விரியுங்கள். புண் ஆறும் சில இரவுகளுக்குக் கடை நாப்பி கட்டுவதும் நன்று.

மூன்று நாளில் குறையாவிட்டால், அல்லது மடிப்புகளுக்குள்ளேயே தோல் சிவந்து, அதன் விளிம்பைச் சுற்றிச் சிறுசிறு புள்ளிகள் தனித்தனியே தெரிந்தால், அது பங்கசுத் தொற்றாக இருக்கக்கூடும். ஈரத்தால் வரும் சாதாரணப் புண் துணி உரசும் மேடான இடங்களிலேயே வரும், மடிப்பின் உட்பகுதியை விட்டுவைக்கும். பங்கசு மடிப்பைத் தேடிப் போகும். பிள்ளை நுண்ணுயிர்கொல்லி மருந்து குடித்த பின்னர் இது அடிக்கடி வரும். வாயினுள்ளும் பாருங்கள். துடைத்தாற் போகாத வெண்படை தெரிந்தால் அதுவும் அதே பங்கசுவாக இருக்கலாம். இதற்கு நிஸ்ரற்றின், குளோற்றிமசோல் போன்ற களிம்பு வேண்டும். சிங்க் பசை மட்டும் போதாது. அந்நாட்களில் நாப்பிகளை உயர் வெப்பத்தில் தோய்த்து, காய்ந்தபின் சூடான மின்னழுத்தியால் அழுத்துங்கள்.

இனிச் செய்யக்கூடாதவை. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த களிம்பு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மாறிய களிம்பு என்று கைக்குக் கைமாறும் குழாய்களுள் பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் முதலிய வீரியமான ஸ்ரெரொயிட் மருந்துகள் இருக்கின்றன. பூசிய மறுநாளே சிவப்பு மறையும். அதனாலேயே நல்ல மருந்தென்று பெயரெடுக்கும். நாப்பிக்குள் மூடிக்கிடக்கும் மெல்லிய தோல் அதனை மிகுதியாக உறிஞ்சும். தோல் மெலியும், பங்கசு உள்ளூர வளரும், நீண்டநாட் பாவித்தால் பிள்ளையின் உடலிலுள்ள ஓமோன்களின் ஒழுங்கே குழம்பும். குழாயிலுள்ள பெயரை மருந்தகத்தில் காட்டிக் கேட்காமல் எதனையும் பூசாதீர்கள்.

பவுடரும் வேண்டாம். அதன் தூசி பிள்ளையின் சுவாசப்பைக்குள் செல்லும். ஈரத்தோடு சேர்ந்து மடிப்பில் கட்டிபடும். போரிக் அமிலம் சேர்ந்த பவுடர் புண்பட்ட தோலினூடாக உடலிற் கலந்து குழந்தைகள் இறந்ததுண்டு. பிரான்சில் 1972இல் ஹெக்சாகுளோரோபீன் என்னும் கிருமிகொல்லி தவறுதலாக அளவுக்கு மிஞ்சிக் கலந்த குழந்தைப் பவுடரினால் 36 குழந்தைகள் மாண்டன. தோலிற் பூசுவது உடலுக்குள் போகாது என்ற எண்ணம் கைக்குழந்தை விடயத்தில் பிழையானது. மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசுவதைப் பற்றியும் கேட்கின்றனர். முழுத்தோலில் எப்படியோ, வெடித்த தோலில் அவை எரியும்; வேண்டாம். தேங்காயெண்ணெய் தீங்கில்லை, ஆனால் அது சிங்க் பசைக்கு ஈடாகாது.

எமது பிள்ளைகளின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். நூல்களிலும் துண்டுப்பிரசுரங்களிலும் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலைக் காட்டுவன. எமது பிள்ளைகளுக்குப் புண் பளிச்சென்ற சிவப்பாய்த் தெரியாமல், கருஞ்சிவப்பாகவோ ஊதாச் சாயலாகவோ தெரியலாம். ஆறியபின் அவ்விடம் சில வாரங்கள் வெளிறியோ கறுத்தோ இருக்கும். அதற்கு மருந்து தேவையில்லை, தானாக மாறும். பிறக்கும்போதே முதுகின் அடியிலும் பிட்டத்திலும் காணப்படும் நீலச்சாம்பல் நிறப் படை வேறு. அது நோயுமன்று, கன்றலுமன்று. ஆசியப் பிள்ளைகளுக்கு இயல்பானது, பெரும்பாலும் சில ஆண்டுகளில் மங்கிவிடும். ஆயினும் அறியாதவர் அதனை அடித்த தழும்பென்று ஐயுறக்கூடும். ஆகவே முதல் பரிசோதனையிலேயே பிள்ளையின் சுகாதாரக் கையேட்டில் அதனைக் குறித்துத்தருமாறு வைத்தியரைக் கேளுங்கள். குழந்தைகள் பகலில் பராமரிக்கப்படும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது அப்பதிவு உங்களுக்குத் துணையாகும்.

கொப்புளம், சீழ், தேன்நிறப் பொருக்கு, இரத்தக் கசிவு, காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினாலோ, பிள்ளை ஒரு மாதத்துக்கு உட்பட்டதாயினோ, பால் குடிக்க மறுத்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். அவசரமில்லாத ஐயங்களுக்கு ஒவ்வோர் ஊரிலும் தாய் தந்தையருக்கான ஆலோசனை நிலையம் உண்டு. ஜெர்மன் பகுதியில் மூற்றர் உன்ட் ஃபேற்றர்பெராற்றுங் என்பார்கள்; கட்டணம் இல்லை. மொழி தடையென்று தயங்குவோர் இச்சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லலாம். நாப்பிப் புண்ணுக்கு ஜெர்மன் மொழியில் வின்டெல்டெர்மற்றீற்றிஸ், பங்கசு சேர்ந்ததாயின் வின்டெல்சோர். லொசான், ஜெனீவாப் பக்கம் இருப்போர் எரித்தேம் ஃபெசியே என்றால் விளங்கிக்கொள்வார்கள். எத்தனை நாளாக இருக்கின்றது, இதுவரை என்ன பூசினீர்கள் என்பவற்றையும் குறித்துக்கொண்டு, பூசிய குழாயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.