நாற்பத்தேழரைக் குதிரைகள்

சனிக்கிழமை மாலைகளில், இரண்டாம் எண் மெத்ரோ ஓடும் இரும்புப் பாலத்தின் அடியிலே, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க வந்த குடும்பங்கள் பைகளை இறக்கி வைத்து இளைப்பாறும் வேளையில், ஃபோபூர் சென் தெனி வீதி முனையில் ஒரு மோட்டார் சைக்கிளின் உறுமல் கிளம்பி, பாலத்து இரும்பில் மோதி இரட்டித்து, கார் து நோர் பக்கமாகத் தேய்ந்து மறைவதை பாரிஸின் லாச்சப்பலில் பழகியவர்கள் யாவரும் கேட்டிருப்பார்கள். முன்பெல்லாம் அந்த ஓசைக்குத் திரும்பிப் பார்த்தால் ஓட்டுகிறவன் யாரோ அந்நியனாக இருப்பான்; இப்பொழுது தலைக்கவசத்தைக் கழற்றினால் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கிறான்.

“அண்ணை, உந்தப் பேப்பரை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ” என்று, அந்தப் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வெங்காய மூட்டைக்கும் கல்லாவுக்கும் நடுவே நின்றபடி, மகன் இரண்டாம் கையாக வாங்கிய மோட்டார் சைக்கிளின் பதிவுத் தாளான கார்த் கிரீஸை என் கையில் திணித்தார். பதினெட்டு வயது முடிந்து சில மாதங்களே ஆன பையன் பக்கத்தில் நின்றான். பி.2 என்ற கட்டத்தில் 35 என்று அச்சாகியிருந்தது. அதாவது 35 கிலோவாட். வாகனத்தின் வகையைச் சொல்லும் ஜே.1 கட்டத்தில் எம்.டி.டி.1 என்று இருந்தது. எல்லாம் சட்டப்படிதான் என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்தபோது, பிள்ளையின் முகத்தில் ஓடிய அசட்டுச் சிரிப்பை நான் காணாதிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். விற்றவர் வண்டியின் வலுவைக் குறைக்கும் தடையை முன்னமே எடுத்துவிட்டிருந்தாராம். தாளில் 35, இயந்திரத்தில் 54.

புதிதாக ஓட்டத் தொடங்கும் வாலிபர்கள் இயந்திரத்தின் வலுவைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி பிரான்ஸிலே அபிப்பிராயத்துக்கு விடப்பட்ட கேள்வி அன்று. சட்டம் அதற்கு விடை சொல்லிவிட்டது. ஐரோப்பிய விதிகளின்படி 2013 முதல் நடைமுறையிலுள்ள ஏ2 பெர்மியை, அதாவது ஓட்டுநர் அனுமதியை, வைத்திருப்பவர், 35 கிலோவாட்டுக்கு மேற்படாததும், எடையில் கிலோ ஒன்றுக்கு 0.2 கிலோவாட்டைத் தாண்டாததும், பிறவியிலே 70 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வண்டியிலிருந்து குறைக்கப்படாததுமான மோட்டார் சைக்கிளையே ஓட்டலாம். 35 கிலோவாட் என்பது நாற்பத்தேழரைக் குதிரைத்திறன். ‘ஏழரை’ என்று காதில் விழுந்தாலே சனி பகவானை நினைத்துக்கொள்ளும் நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு சற்றே சகுனப் பிழையாகப் படலாம்.

ஆரம்பத்தில் இருபத்து நான்கு வயது நிரம்பியவர்களுக்கு இந்தப் படி தேவையில்லை என்றிருந்தது. நேரே முழு அனுமதி பெறலாம். 2016 ஜூன் 3 முதல் பிரான்ஸ் அந்தக் குறுக்கு வழியையும் அடைத்து, பதினெட்டு வயதுப் பையனும் நாற்பத்தைந்து வயதுக் குடும்பஸ்தரும் ஒருங்கே இரண்டு வருஷம் ஏ2வில் இருந்தாக வேண்டும் என்று ஆக்கிற்று. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுவே. நரைத்த தலைக்கும் முதல் நாள் முதல் நாள்தான். நள்ளிரவுக்கு மேல் உணவகச் சமையலறையை மூடிவிட்டு, கடைசி மெத்ரோவும் போய்விட்ட நிலையில், வீடு சேர ஒரு மோட்டார் சைக்கிளை நாடும் நம்மவர்களில் பெரும்பாலோர் வாலிபப் பருவம் கடந்தவர்களே.

வலுக்குறைப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘பிரிதாழ்’ என்கிறார்கள். குதிரைக்குக் கடிவாளம் இடுவதைக் குறிக்கும் ‘பிரிதே’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஆகவே அதை அகற்றுவது கடிவாளத்தைக் கழற்றுவதாகும். லாச்சப்பல் பெடியன்களின் பேச்சில் ‘தெபிரிதே பண்ணிறது’ என்று வெகு சரளமாக வழங்குகிறது.

கடிவாளம் வேண்டாம் என்போரிடம் நியாயமே இல்லை என்று தள்ளிவிட மாட்டேன். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளில் 1999, 2000 ஆண்டுகளில் நிகழ்ந்த 921 விபத்துகளை ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்த ‘மெய்ட்ஸ்’ என்ற பெரிய ஆய்வு, அவற்றுள் பாதிக்கு மற்ற வாகனத்தை ஓட்டியவரின் பிழையே முதற் காரணம் என்றும், மோட்டார் சைக்கிள்காரரின் பிழை 37 சதவீதம் என்றும், மோதல்களில் பெரும்பாலானவை 50 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் நேர்ந்தவை என்றும், இயந்திரத்தின் கொள்ளளவு விபத்துக்குக் காரணமாகத் தெரியவில்லை என்றும் கண்டது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது மோட்டார் சைக்கிள் உற்பத்தியாளர்களின் சங்கம் என்பதை நினைத்து ஒருவர் புன்னகைக்கலாம். ஆனால் முடிவுகளைப் புன்னகையால் மறுக்க இயலாது. பக்கவாட்டுக் கண்ணாடியைப் பாராமல் காரைத் திருப்புகிறவர், எதிரே வருவது எத்தனை குதிரைத்திறன் என்று விசாரித்துவிட்டுத் திருப்புவதில்லை.

இந்த நாட்டிலேயே வேறோர் அனுபவமும் உண்டு. 1980களின் நடுவிலிருந்து 2016 வரை, எத்தனை தேர்ந்த ஓட்டியானாலும் 100 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளை வைத்துக்கொள்ளலாகாது என்ற விதி பிரான்ஸில் இருந்தது. அண்டை நாடுகளில் இல்லாத அந்தத் தடையை மீறுவது ஓட்டிகள் மத்தியில் ஒரு வீர விளையாட்டாகவே ஆகி, கடைசியில் அரசாங்கமே அதைக் கைவிட்டது. எல்லாருக்கும் எக்காலத்துக்கும் என்று இட்ட கடிவாளம் மதிக்கப்படவில்லை.

பின் ஏன் புதியவனுக்கு மட்டும் வேண்டும் என்கிறேன்? 35 கிலோவாட் வண்டியும் மணிக்கு 160 கிலோமீட்டரை எட்டிவிடும். நெடுஞ்சாலையின் எல்லை 130, பாரிஸ் நகருக்குள் 2021 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான வீதிகளில் 30. ஆகவே வேகத்தின் உச்சத்தை இந்தச் சட்டம் தடுக்கிறது என்பது வெறும் பிரமை. அது தடுப்பது வேறொன்றை. புதியவன் ஒருவன் பச்சை விளக்கைக் கண்டு சற்று அதிகமாக முறுக்கிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வண்டி துள்ளுகிறது, உடம்பு பின்னால் சாய்கிறது, விழாதிருக்கக் கைப்பிடியை இறுகப் பற்றுகிறான், பற்றிய வலது கை பின்னே இழுபட இழுபட, அதே பிடியில் இருக்கும் முறுக்கு மேலும் திறந்துகொள்கிறது, விடவேண்டும் என்று புத்தி சொல்லும், கை பிடித்துக்கொள்ளும். நாற்பத்தேழரைக் குதிரையில் அந்தக் கணத்துக்கும் எதிரே நிற்கும் பேருந்துக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் அவகாசம் இருக்கிறது. நூறு குதிரையில் அந்த மூச்சும் இல்லை. மெய்ட்ஸ் ஆய்வின் எண்கள் எல்லா ஓட்டிகளையும் ஒரே தட்டில் நிறுத்தவை. பெரிய இயந்திரங்களில் இருந்தவர்களில் பலர் பழகிய கையர்களாக இருந்திருப்பார்கள் என்பதைக் கணக்கில் கொண்டால், அவர்களுக்குத் தீங்கு செய்யாத வலு கற்றுக்குட்டிக்கும் செய்யாது என்ற அனுமானம் நிற்காது. போக்குவரத்தில் சுமார் இரண்டு சதவீதமே ஆன மோட்டார் சைக்கிள்காரர்கள், பிரான்ஸில் வீதியில் மாள்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேலாக இருக்கிறார்கள்.

ஆயினும், பெரிய குதிரைக்கு வாயைக் கட்டி ஓட்டுவதும், சிறிய குதிரையாகவே வாங்குவதும் ஒன்றல்ல என்பதை நம் தகப்பன்மார் உணர வேண்டும். கட்டி விற்கப்படும் வண்டிகளில் கட்டு என்பது பெரும்பாலும் முறுக்கின் பாதையில் வைத்த ஒரு சிறு தடுப்போ, மின்னணுப் பெட்டியில் எழுதிய சில வரிகளோதான். தெரிந்தவனுக்கு ஒரு பிற்பகல் வேலை. அந்த ஒரு பிற்பகலை நோக்கி வாலிப மனம் இரண்டு வருஷமும் தவம் கிடக்கிறது. தடை நீக்கும் கருவியை விற்பவருக்கு இரண்டு வருஷம் வரை சிறையும் 30,000 ஈரோ வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதைப் பெடியன்கள் அறிவார்கள். விற்பவனுக்குத்தானே என்று இருந்துவிடுகிறார்கள். விபத்து நேர்ந்தால், தாளில் சொன்ன வண்டி வேறு, ஓடிய வண்டி வேறு என்று காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம் என்பதும், அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு அந்தத் தொகையை ஓட்டியவனிடமிருந்தே வருஷக்கணக்கில் அறவிடுவார்கள் என்பதும் அவர்கள் காதில் விழுவதில்லை. கல்லாவில் இருக்கும் தகப்பனாரின் காதிலாவது விழட்டும்.

பிறவியிலேயே சிறிய குதிரைகள் இல்லாமலில்லை. ஹோண்டா 500 வரிசை இந்த 35 கிலோவாட் எல்லைக்கென்றே வகுக்கப்பட்டது. 2018இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டின் 650 இரட்டைச் சிலிண்டர் இயந்திரம் 47 குதிரைத்திறன்; சென்னையை அடுத்த ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்துத் தொழிற்சாலைகளைக் கொண்ட கம்பனியின் வண்டி, அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பாரிஸ் சட்டத்துக்குப் பொருந்துகிறது. வேடிக்கை என்னவென்றால், அது பிறந்த தமிழ்நாட்டில் இப்படி ஒரு படிமுறையே கிடையாது. பதினெட்டு வயதில் கியர் வண்டி ஓட்டும் உரிமம் எடுத்தவன் மறுநாளே எந்தப் பூதத்தின் மீதும் ஏறலாம். அதன் விளைவுகளைச் சென்னைப் பத்திரிகைகளின் உள்பக்கங்களில் வாரந்தோறும் வாசிக்கிறோம்.

வேகத்தின் தாகம் வாலிபத்துக்கு இயல்பு என்பதையும், அதை அடக்குவதினும் அதற்கோர் இடம் கொடுப்பது மேல் என்பதையும் பாரிஸ் ஒரு காலத்தில் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. இன்று நம் கடைக்காரர்கள் விடியுமுன் காய்கறி எடுக்கப் போகும் ரன்ஜீஸ் மொத்தச் சந்தையின் அகன்ற தெருக்களில், 1970களின் வெள்ளிக்கிழமை இரவுகளில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடி இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே உயிர்விட்ட ஓர் இளம்பெண்ணின் பெயரால், 1979இல், ருவாஸி விமான நிலையத்தருகே த்ரோம்ப்ளே ஓன் ஃப்ரான்ஸில் ‘கரோல்’ பந்தயத்தடம் திறக்கப்பட்டது. செவ்ரானிலும் ஓல்னேயிலும் குடியிருக்கும் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது கூப்பிடு தூரம். ஆனால் அதன் பெயரைச் சொன்னால் பாதிப்பேர் விழிக்கிறார்கள்.

சட்டத்திலும் எனக்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு. இரண்டு வருஷம் ஏ2 வைத்திருந்தபின், ஏழு மணி நேரப் பயிற்சி ஒன்றில் உட்கார்ந்து எழுந்தால், பரீட்சை ஏதுமின்றி, முழு ஏ அனுமதி கிடைத்துவிடுகிறது. வைத்திருக்க வேண்டியது பெர்மியைத்தான். வண்டியை ஓட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு வருஷமும் தாளைப் பெட்டியில் பூட்டி வைத்தவனும், மழையிலும் பனியிலும் பாரிஸின் சுற்றுவட்டச் சாலையான பெரிஃபெரிக்கில் தினந்தோறும் வேலைக்குப் போய் வந்தவனும் ஒரே நாளில் ஒரே தகுதியை அடைகிறார்கள். முதல் பெர்மிக்கு இருபது மணி நேரப் பயிற்சியும், 50 கிலோமீட்டர் வேகத்தில் திடீர்த் தடுப்பும் விலகலும் காட்ட வேண்டிய கறாரான சோதனையும் வைத்த அரசாங்கம், வலு இரட்டிக்கும் இரண்டாம் வாசலில் நாட்காட்டியைக் காவலுக்கு வைத்திருப்பது விசித்திரம். கிலோமீட்டரைக் கேட்கட்டும், ஒரு நாளாவது மீண்டும் ஓட்டிக் காட்டச் சொல்லட்டும்.

கடைக்காரரின் பிள்ளை அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டான். “அங்கிள், நீங்கள் ஊரிலை எத்தினை குதிரையிலை ஓடினீங்கள்?” எட்டுக் குதிரையும் தேறாத எம்.டி. 90 என்றேன். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தங்கத்தைப்போல் இருந்தது. அதைச் சின்னஞ்சிறு குப்பியில் அடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு உதைத்துக் கிளப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் வெண்புகை கக்கிக்கொண்டு ஓடுவோம். நடுவழியில் நின்றால் மறுபடி குப்பி. எட்டு என்று சொல்லும் குதிரைகளில் மண்ணெண்ணெய் குடித்தவை எத்தனை இழுத்தனவோ, நான் அறியேன்; ஆனால் முன்னே ஒரு மைல் தூரத்தில் மாட்டு வண்டி தெரியும்போதே கை தானாக முறுக்கைத் தளர்த்தும், ஏனென்றால் நின்றால் மறுபடி கிளப்புவது பெரும் பாடு. பையன் வாய்விட்டுச் சிரித்தான். தகப்பனார் சிரிக்கவில்லை, கல்லாவைத் திறந்து, தடையை மறுபடி பூட்டிச் சான்றிதழ் வாங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

பூட்டியாயிற்று. என்னைக் காணும்போதெல்லாம் அவன் இன்னும் இத்தனை மாதம் என்று கணக்குச் சொல்கிறான். நான் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறேன். போன கிழமை பஜோல் வீதியில் பிள்ளையார் கோயில் வாசலில் கண்டபோது 2,300 என்றான். மழையில் எத்தனை என்று கேட்டேன். மழை நாளில் அப்பா காரில் கொண்டுபோய் விடுகிறாராம்.