தீவட்டி பிடித்தவனின் பெயர்

தலைவனின் வீரம் புலப்பட வேண்டுமெனில் அவனுக்கு முன்னே யாரேனும் ஒருவன் மடிய வேண்டும் என்பது கதையுலகின் பழைய விதி. அவ்விதியை ஒளிவுமறைவின்றி ஏற்ற மேசை விளையாட்டு ஒன்றுண்டு. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய அமெரிக்கர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது, பலர் கூடி, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடையுருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டமாகும். 1979இல் வெளியான அதன் நடத்துநர் கைந்நூலில் கூலியாட்களுக்கெனத் தனி அட்டவணையே உண்டு. சுமை தூக்குவோனுக்கும் தீவட்டி பிடிப்போனுக்கும் அதில் கூலி விதிக்கப்பட்டுள்ளது. நிலவறையில் முன்னே நடந்து, பொறியில் வீழ்ந்து, பொறி இருப்பதைத் தலைவனுக்கு அறிவிப்பது பெரும்பாலும் அவன் பணியாகிவிடுகிறது. அவன் வீழ்ந்ததும் எழும் முதற்கேள்வி, தீவட்டி அணைந்ததா என்பதே.

“விளையாட்டுத்தானே! சிறுபாத்திரம் ஒவ்வொன்றுக்கும் அழுதுகொண்டிருந்தால் கதை நகருமா?” என்பர் சிலர். சிறுபாத்திரம் இறப்பதை எவரும் குறைகூறவில்லை. பெயரும் ஊரும் இன்றி, பிறனுடைய கதைக்கு எரிபொருளாக மட்டும் அவன் இறப்பதே குறை. அப்பழக்கம் மேசையோடு நின்றுவிடுவதுமன்று.

மாத்தளை மாவட்டத்து நாலந்தாவைக் காண்போர் அங்குள்ள கெடிகேயைக் கண்டு வியப்பர். திராவிடக் கட்டடக்கலைச் சாயல் கொண்ட அக்கற்கட்டடம், மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்கக் கல் கல்லாகப் பிரித்தெடுக்கப்பட்டு, வேறிடத்தில் மீண்டும் கட்டப்பட்டது. போற்றற்குரிய பணி அது. ஆயின் அதே நாலந்தாவின் வழியே செல்லும் வடபெருஞ்சாலையில்தான், 19ஆம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர் மாத்தளையை நோக்கிக் கால்நடையாக வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழிநெடுக வீழ்த்தின. 1840களில் மாண்டோர் 70,000 பேர் என 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ மதிப்பிட்டது. அது மிகையென்று பின்வந்த ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். தொகையைப் பற்றி வழக்கு நடைபெறுகிறது. பெயர்களைப் பற்றி வழக்கே இல்லை. வந்தோர் தொகையிலிருந்து மீண்டோர் தொகையைக் கழித்து ஊகிக்கப்படும் மனிதனும், அட்டவணையில் கூலியாக மட்டும் நிற்கும் தீவட்டிக்காரனும் ஓரினத்தவரே.

இவ்விதியை மறுத்தோர் எவர்? கற்றோரல்லர், அவ்வழியே வந்தோரின் சந்ததியினரே. கந்தபுராணத்தில் மன்மதன் பிறர் காரியத்திற்காக ஏவப்பட்டுச் சாம்பலாகும் துணைப்பாத்திரம். தேவர்க்கு வேண்டியது முருகனின் பிறப்பு. எரிபவன் அதற்கொரு படி. மலையகத் தோட்டங்களிலோ மாசி மாதந்தோறும் அவனுக்கே கம்பம் நட்டு, அவனையே தலைவனாக்கிக் காமன் கூத்து ஆடப்படுகிறது. எரித்ததோடு அம்மக்கள் கலைந்துவிடுவதில்லை. இரதியின் புலம்பலை முழுமையாகக் கேட்கின்றனர். அவனை உயிர்ப்பித்த பின்னரே கூத்தை முடிக்கின்றனர். ஏவப்பட்டு மாண்டவனின் கதையில் தம் முன்னோரின் கதையை அவர்கள் கண்டிருத்தல் இயல்பே.

கற்களுக்கு எண்ணிட்டுக் காக்கத் தெரிந்த புலமை, மனிதரை எண்ணாக மட்டும் விட்டுவைத்தல் தகுமா? தோட்டப் பதிவேடுகளிலும் முதியோர் நினைவிலும் எஞ்சியுள்ள பெயர்களையேனும் திரட்டுதல் பல்கலைக்கழகத்தார் கடன். தீவட்டி அணைந்ததா என்று கேட்டது போதும். பிடித்தவன் யார் என்று கேட்க வேண்டும்.