மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-40: எழுதப்படாத ஓர் அத்தியாயம்

பழைய பிரித்தானிய மோட்டார் கார்களின் வரலாறு பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த நூல்களுக்குக் குறைவேயில்லை. மொறிஸ் மைனர் என்ற ஒரு காருக்கென்றே பல நூல்கள் உள்ளன. 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது அறிமுகமான கதையையும், அதற்கு முன்னர் மாதிரிக் காரை நெடுக்காக அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்திய கதையையும் அவை சொல்கின்றன. எந்த ஆண்டில் எந்தத் திருகாணி மாற்றப்பட்டது என்பதுகூட அவற்றில் உண்டு. ஆனால் இக்கார்கள் தம் முதுமைக் காலத்தில் எங்கே, எவருக்காக, எதைக் குடித்து ஓடின என்று தேடினால், நான் புரட்டிய நூல்களில் விடை இல்லை. அந்த விடையின் முக்கியமான ஒரு பகுதி எங்கள் வன்னியில் இருக்கின்றது.

ஒஸ்ரின் ஏ-40 டெவன் 1947 முதல் 1952 வரையிலும், அதன் வாரிசான சோமசெற் 1954 வரையிலும் பேர்மிங்ஹாம் அருகே லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டவை. அன்றைய இலங்கையின் வீதிகளில் பிரித்தானியக் கார்களே மிகுந்திருந்தன. பின்னர் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் வந்தன. இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. வடக்கிலோ பழைய ஒஸ்ரினும் மொறிசும் வாடகைக் கார்களாகத் தொடர்ந்து உழைத்தன. அவற்றில் பல, வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கும் அதை எதிர்த்துத் தமிழர் போராடுவதற்கும் முன்னரே, ஆங்கில எழுத்துகளுடன் பதிவு செய்யப்பட்டவை. ஒரு காரின் இலக்கத் தகட்டிலேயே எங்கள் அரசியல் வரலாறு தொடங்கிவிடுகின்றது.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. எரிபொருள், பற்றறி உட்படப் பல பொருட்களை வடக்கின் போர்ப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்ல அரசு தடை விதித்தது. வரையறுக்கப்பட்ட அளவில் கிடைத்தது மண்ணெண்ணெய் மாத்திரமே. அப்போதுதான் இந்தக் கிழட்டுக் கார்களுக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது.

இதை அதிசயம் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. அதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியாவிலேயே பெற்றோல் தட்டுப்பாடு நிலவியது. 1950 வரை பங்கீடு இருந்தது. தரங்குறைந்த ஒரேவகைப் பெற்றோலே 1953 வரை விற்கப்பட்டது. அந்தப் பெற்றோலுக்கு ஏற்றவாறு குறைந்த அமுக்க விகிதத்துடன் இந்த இயந்திரங்கள் வடிவமைக்கப்பட்டன. ஆகவே நவீன இயந்திரங்கள் திணறும் மண்ணெண்ணெயை இவை ஒருவாறு தாங்கிக்கொண்டன. ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் இலகுவில் ஆவியாகாது. எனவே எங்கிருந்தோ அரும்பாடுபட்டுப் பெற்ற சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பிரித்தானிய விவசாயிகளின் பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை இதே முறையில்தான் ஓடியது. அங்கே அது தொழிற்சாலை செய்து கொடுத்த ஏற்பாடு. இங்கே அது வேப்பமர நிழலில் மெக்கானிக் கண்டுபிடித்த ஏற்பாடு.

அதற்கான விலையும் சிறிதன்று. வெண்புகை கக்கியது. பிளக்கில் கரி படிந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீராக்கித் தேய்மானத்தை விரைவுபடுத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, மின்சாரமில்லாத ஊரில் கார் குடித்த ஒவ்வொரு போத்தல் மண்ணெண்ணெயும் ஏதோவொரு வீட்டில் பிள்ளைகள் படிக்கும் விளக்குக்கு உரியது. அதனால் அந்நாட்களில் காரில் ஏறுவது ஆடம்பரமன்று. பிரசவ வேதனையும், பாம்புக்கடியும், எறிகணைக் காயமுமே பலரைக் காரில் ஏற்றின. 1995 இறுதியில் யாழ்ப்பாணம் பெயர்ந்தபோதும், 1996 இல் கிளிநொச்சி பெயர்ந்தபோதும், நடக்க இயலாதவர்களையும் சட்டி பானைகளையும் சுமந்தவற்றுள் இக்கார்களும் அடங்கும்.

மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1922 இல் சிமிர்னா நகரிலிருந்து குடும்பத்துடன் இடம்பெயர்ந்த ஓர் அகதி. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுபவர்கள் இதைத் தவறாமல் குறிப்பிடுவர். அவர் வரைந்த கார் பிற்காலத்தில் எத்தகைய மக்களைச் சுமந்தது என்பது மட்டும் அந்த வரலாற்றில் சேரவில்லை.

இன்னொரு முரணையும் இங்கு சுட்ட வேண்டும். 1990களில் இதே தீவின் இன்னொரு பகுதியில், பிரித்தானியாவிலுள்ள மொறிஸ் மைனர் அபிமானிகளுக்காக உதிரிப்பாகங்கள் செய்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. அங்கிருந்து பாகங்கள் கடல் கடந்து சென்றன. வவுனியாவுக்கு வடக்கே அதே காரை ஓட்டியவரோ ஒரு பற்றறிக்கு வழியற்றிருந்தார்.

ஆயிரமாயிரம் உயிர்களை இழந்த மண்ணில் காரைப் பற்றி நூல் எழுதுவதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பஞ்சத்தைச் சாகசமாக்கி இரசிக்கும் ஆபத்தும் இதில் உண்டு. ஆயினும் பொருளாதாரத் தடை என்ற இரண்டு சொற்களால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை அடுத்த தலைமுறைக்கு உணர்த்திவிட முடியாது. 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, தெற்கில் பலர் இத்தகைய தட்டுப்பாடு இதற்கு முன் இருந்ததேயில்லை என்று எழுதினார்கள். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. எங்கள் அனுபவத்தை நாங்கள் நூலாக்கி அவர்கள் முன் வைக்கவில்லை. அடுப்பும் விளக்கும் காரும் எவ்வாறு இயங்கின என்று விவரிக்கும்போதுதான் தடை என்பதன் பொருள் புலப்படும்.

எவ்வாறு எழுதுவது என்பதற்கும் முன்மாதிரி உண்டு. பார்னி ஷாரற் என்பவர் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர்களின் வாய்மொழிகளைத் திரட்டி, 2000 ஆம் ஆண்டில் ஒரு நூலாக்கினார். ஐந்தாண்டுகளில், 2005 இல், அங்கே பெருமளவிலான உற்பத்தி நின்றுபோனது. தொழிற்சாலை மூடப்பட்டாலும் தொழிலாளியின் குரல் எஞ்சியது.

எங்களுக்கும் அதுவே தேவை. கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று ஊர் ஊராகச் சென்று அக்கால மெக்கானிக்குகளையும் சாரதிகளையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் வாகனப் பதிவுப் புத்தகங்களைப் படமெடுக்க வேண்டும். நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்கள் இருப்பதால் பாதுகாக்க இடமில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ளோர் இதற்கான செலவில் ஒரு பங்கை ஏற்கலாம்; தாமே ஓட்டிய காரைப் பற்றி நான்கு பக்கம் எழுதியும் உதவலாம்.

2009 இன் பின்னர் முல்லைத்தீவுப் பக்கம் போனவர்கள், எரிந்து துருப்பிடித்த வாகனங்கள் குன்றுகளாகக் கிடந்ததைக் கண்டிருப்பர். அவை பழைய இரும்பாக விலைப்பட்டுப் போயின. இரும்பு போனால் போகட்டும். அந்த இயந்திரங்களை இயக்கிய கைகளுக்குரியோர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதற்கு எமக்கு எஞ்சியிருக்கும் காலம் அதிகமில்லை.