போனில் திடீர் எச்சரிக்கை! அழுத்தாதீர்கள்!

வேதாரண்யத்தில் ஒருவர் செல்போனில் மோட்டார் பம்பு விலை பார்க்கிறார். அப்புறம் செய்தி படிக்கப் போனால் அங்கேயும் பம்பு விளம்பரம்! என்ன மாயம்?

மாயமில்லை. "குக்கி" என்ற குறிப்புச் சீட்டின் வேலை. 1994-ல் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மான்டுல்லி உருவாக்கியது. வாங்க எடுத்துவைத்த சாமானை நினைவு வைக்க வந்த அதை வைத்து, விளம்பரக் கம்பெனிகள் ஆளைப் பின்தொடர்கின்றன.

இதைவிட ஆபத்து, "உங்கள் போனில் வைரஸ்! உடனே அழுத்துங்கள்" என்று குதிக்கும் எச்சரிக்கை. இணையப் பக்கத்தால் போனைச் சோதனை போட முடியாது. அத்தனையும் புருடா! அழுத்தி, அது சொல்வதை இறக்கினால் உளவுச் செயலி புகுந்துவிடும். வங்கி ரகசிய எண்ணும் போச்சு!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் 9 பேரும் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள். 2023-ல் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் கேட்ட இடத்திலெல்லாம் "சம்மதம்" என்று அழுத்தினால் சட்டம் என்ன செய்யும்? மறுக்கும் பொத்தானைத் தேடுங்கள். பழைய குக்கிகளை அவ்வப்போது அழியுங்கள்.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தாமதமின்றி 1930-க்கு போன் போடுங்கள். வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளிய ஆண்டும் அதுதான். இந்த ஊர்க்காரர்களுக்கு மறக்குமா?