நீருக்கு அடியில் நடக்கும் வளர்ச்சி



போட்டி முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது, நீங்கள் முதலாவது கேட்கும் கேள்வி எது? "ஜெயித்தீர்களா?" என்றே பெரும்பாலான வீடுகளில் கேட்கிறோம். அடுத்து, "நீ எத்தனை கோல் போட்டாய்?" என்கிறோம். அன்போடுதான் கேட்கிறோம், அதில் ஐயமில்லை. ஆயினும் வளர்ந்து வருகிற ஒரு பிள்ளையின் ஓராண்டு உழைப்பை இந்த இரண்டு கேள்விகளால் அளப்பது சரியன்று என்பது என் கருத்து. இதைச் சொல்ல, நம்மில் அநேகர் நேரில் கண்டிராத ஒரு விளையாட்டை உங்கள் முன் வைக்கிறேன். அது வாட்டர் போலோ.

இந்த ஆட்டத்தில் ஓர் அணிக்கு 7 பேர். அவர்களில் ஒருவர் கோல்கீப்பர். மற்ற 6 பேரும் ஆட்டம் நடக்கும்போது குளத்தின் தரையைத் தொடலாகாது. பந்தை ஒரே நேரத்தில் இரண்டு கைகளாலும் பிடிக்கலாகாது. அப்படியானால் அவர்கள் எப்படி நிமிர்ந்து நின்று பந்தை எறிகிறார்கள்? நீருக்கு அடியில் இரண்டு கால்களும் மாறி மாறி வட்டமாகச் சுழன்றுகொண்டே இருக்கின்றன. முட்டை அடிக்கும் கருவியின் சுழற்சியை ஒத்திருப்பதால் இதை 'எக்பீட்டர்' என்பார்கள். கரையில் அமர்ந்திருப்பவருக்கு உயர்ந்த கையும் பறக்கும் பந்தும் தெரியும். அந்தக் கையை உயர்த்தி நிறுத்துகிற கால்கள் தெரிவதில்லை. புதிதாகச் சேரும் பிள்ளை முதலில் பல வாரங்கள் இந்தக் கால்களைத்தான் பழக்கவேண்டும். அந்த வாரங்களில் அவன் போட்ட கோல் எத்தனை என்று கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது?

அமெரிக்காவில் இந்த விளையாட்டு வேரூன்றியுள்ள இடம் கலிபோர்னியா மாநிலம். அங்குள்ள விளையாட்டுக் கழகங்களில் 10, 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் எனப் பிள்ளைகள் பிரிக்கப்படுகிறார்கள். வார இறுதிகளில் ஊர் ஊராகப் போட்டிகள் நடக்கும். கோடையில் நடைபெறும் ஜூனியர் ஒலிம்பிக்ஸ் போட்டியையே அநேக அணிகள் ஆண்டின் நிறைவாக எண்ணிப் பயிற்சி செய்கின்றன. இலையுதிர்காலத்தில் முழு நீளம் நீந்தி வரவே மூச்சு வாங்கிய பிள்ளை, கோடையில் எதிரணியினரின் நெருக்குதலைத் தாங்கி நின்று பந்தைக் கடத்துகிறது. அந்த அணி எத்தனையாவது இடத்தில் முடித்தது என்ற எண்ணுக்குள் இந்த வளர்ச்சி அடங்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எதிரணியின் கோலுக்கு நேர் எதிரே, ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவில், மைய ஆட்டக்காரர் ஒருவர் இடம் பிடிப்பார். அவரைப் பின்னிருந்து அழுத்துவார்கள், இழுப்பார்கள். எதிராளி விதியை மீறி அவரைத் தடுத்தால், அந்த எதிராளி சில வினாடிகள் ஆட்டத்திலிருந்து விலக்கப்படுவார். அப்போது 6 பேருக்கு எதிராக 5 பேரும் கோல்கீப்பரும் மட்டுமே மிஞ்சுவார்கள். அந்த இடைவெளியில் வேறொருவர் கோல் போடுவார். அவருடைய பெயரே அறிவிக்கப்படும். இழுபட்டு, தண்ணீர் குடித்து, அந்த வாய்ப்பை உண்டாக்கின பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "நீ எத்தனை கோல்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் தலைகுனிந்து பதில் சொல்லும். ஒன்றுமில்லையா? அந்தப் பதிலைப் பிள்ளையின் வாயில் வைத்தது நம்முடைய கேள்வி அல்லவா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். "போட்டி என்றால் வெற்றிக்காகத்தானே? எல்லாரையும் களமிறக்கினால் அணி தோற்றுவிடாதா?" என்று கேட்பீர்கள். 18 வயதுக்குட்பட்டோர் அணியில் பயிற்சியாளர் திறமை மிக்கவர்களைத் தெரிந்தெடுப்பதை நான் குறை சொல்லேன். ஆனால் 12 வயதில் காரியம் வேறு. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயதிலும், ஆண்பிள்ளைகள் 13, 14 வயதிலும் வேகமாக உயரம் கூடுகிறார்கள். அதிலும் ஒருவருக்கொருவர் ஓரிரு ஆண்டுகள் முன்பின் உண்டு. ஆகவே 12 வயதில் நெட்டையானவனை மட்டும் விளையாடவிட்டு, குட்டையானவனைக் கரையில் உட்காரவைக்கிறவர், சிறந்தவனைத் தெரிந்துகொள்ளவில்லை. முந்தி வளர்ந்தவனைத் தெரிந்துகொண்டார். ஒரு ஆண்டு முழுவதும் கரையிலேயே அமர்ந்திருந்த பிள்ளை, தன் வளர்ச்சி வரும் வரைக்கும் அந்த விளையாட்டில் நிலைத்திருக்குமா? இளம் வயது அணிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு போட்டியிலும் ஆடும் நேரம் கிடைக்கவேண்டும். அதனால் சில வெற்றிகள் கைநழுவினாலும் அந்த விலை கொடுக்கத்தக்கதே.

வெற்றி ஒருவர் கையிலும் நிலைத்திருப்பதில்லை. அமெரிக்கப் பெண்கள் அணி 2012 இலண்டன், 2016 ரியோ ஆகிய ஒலிம்பிக்கிலும், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் வென்றது. 2024 பாரிஸில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 10–11 என்ற கணக்கில், கடைசி வினாடியில் விழுந்த கோலினால் தோற்று நான்காம் இடம் பெற்றது. அந்த ஒரு கோலினால் அந்தப் பெண்களின் பல ஆண்டு உழைப்பு வீணாயிற்று என்று நம்மில் யார் சொல்லத் துணிவோம்? உலகின் உச்சியில் இருப்பவர்களைக் குறித்துச் சொல்லத் துணியாததை, நம் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லாமல் சொல்லிவிடுகிறோமே!

பிரியமானவர்களே, நம் சபையின் பிள்ளைகள் நீரில் ஆடினாலும் மைதானத்தில் ஆடினாலும், இந்தக் காரியம் நம் எல்லாருக்கும் பொருந்தும். இந்த வாரம் ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள். பிள்ளை வந்தவுடன் முடிவைக் கேட்காதிருங்கள். "இன்று உனக்கு எது கடினமாயிருந்தது?" என்று கேளுங்கள். "போன மாதம் செய்யமுடியாத எதை இன்று செய்தாய்?" என்று கேளுங்கள். "யாருக்கு உதவினாய், யார் உனக்கு உதவினார்கள்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். வெற்றியா தோல்வியா என்பதைப் பிள்ளை தானாகவே சொல்லும். நாம் அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.