அமைவுக் கோப்பை அழிப்பது வரைபடத்தை அழிப்பதாகும்

ஹைதராபாத் நகரின் உப்பலில் இந்திய நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கி வருகிறது. மசிப் பேனாவால் வரைந்த காலத்தையும் கணினித் திரையில் வரையும் காலத்தையும் கண்ட வளாகம் அது. இரு காலங்களிலும் மாறாத பாடம் ஒன்று உண்டு: குறியீட்டு விளக்கம் இல்லாத வரைபடம் வெறும் கோடுகளின் தொகுதி. எந்தக் கோடு இருப்புப்பாதை, எந்தக் கோடு மாவட்ட எல்லை என்பதைச் சொல்லாத தாளை எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார்.

ஆனால் அதே ஆசிரியர்கள், கணினி வரைவு மென்பொருளின் அமைவுக் கோப்புகள் அழிந்துபோவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. புவியியல், கட்டடப் பொறியியல், தொல்லியல் எனத் துறை எதுவாயினும் நிலை இதுவே. வரைபடக் கோப்புக்கு மூன்று காப்புப்படிகள். அமைவுக் கோப்புக்கு ஒன்றுகூட இல்லை. அது வரைபவரின் தனிப்பட்ட வசதி, கணினி மாறினால் மீண்டும் அமைத்துக்கொள்ளலாம் என்பது பொது எண்ணம். இந்த எண்ணம் தவறானது; ஆய்வுக்குத் தீங்கும் விளைவிப்பது.

இந்திய நில அளவைத் துறையின் எண்ணிமத் தரவு நெடுங்காலம் டிஜிஎன் வடிவில் வழங்கப்பட்டது. அது மைக்ரோஸ்டேஷன் மென்பொருளின் வடிவம். அம்மென்பொருளில் தனிவகைக் கோட்டுப் பாணிகளின் வரையறை தனியான வளக் கோப்பில் இருக்கக்கூடும். வரைபடக் கோப்பில் இருப்பது அந்தப் பாணியைச் சுட்டும் குறிப்பு. வளக் கோப்பைத் தொலைத்துவிட்டு வரைபடத்தைத் திறந்தால், குறுக்குக் கீற்றுகளுடன் தோன்ற வேண்டிய இருப்புப்பாதையும் புள்ளியும் கோடுமாய்த் தோன்ற வேண்டிய எல்லையும் ஒரே வகை நேர்கோடுகளாய் நிற்கும். ஆயத்தொலைவுகள் ஒரு மில்லிமீட்டரும் பிசகியிரா. பொருள் மட்டும் போயிருக்கும்.

ஆட்டோகேட் மென்பொருளிலும் இதே இடர் வேறு வடிவில் உள்ளது. எந்த வண்ணக் கோடு எத்தனை தடிமனில் அச்சாக வேண்டும் என்பதைச் சிடிபி என்னும் அச்சுப்பாணிக் கோப்பு தீர்மானிக்கிறது. அது வரைபடக் கோப்புக்குள் இல்லை. எழுத்துருக் கோப்பும் இல்லை. தமிழுக்கு இதனால் நேரும் இழப்பு பெரிது. ஒருங்குறி பரவுமுன் பாமினி போன்ற எழுத்துருக்களில் ஊர்ப்பெயர்கள் எழுதப்பட்ட வரைபடங்கள் பல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒவ்வோர் ஊரும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவையாய்த் தோன்றும். அந்தத் தாளை நம்பி ஓர் ஏரியின் பெயரையோ குடியிருப்பின் பெயரையோ தேடும் ஆய்வாளர் என்ன செய்வார்?

குழப்பத்தின் வேர் பெயரிலேயே இருக்கிறது. ‘விருப்ப அமைவு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இருவேறு பொருள்கள் அடைக்கப்பட்டுள்ளன. சுட்டியின் அளவு, திரையின் பின்புல நிறம், குறுக்குவிசைகள் ஆகியவை மெய்யாகவே விருப்பம் சார்ந்தவை. அவை அழிந்தால் அரைநாள் எரிச்சலோடு போகும். கோட்டுப் பாணி, அச்சுப்பாணி, எழுத்துரு, குறியீட்டுத் தொகுப்பு, வார்ப்புருக் கோப்பு ஆகியவை வரைபடத்தின் பொருளைச் சுமப்பவை. இவற்றுள் பல பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் மறைந்து கிடப்பதால், மாணவர் படிப்பை முடித்துச் சென்றதும் ஆய்வக நிர்வாகி அவரது கணக்கை நீக்கும்போது அவையும் நீங்குகின்றன. கெட்ட நோக்கம் எவருக்கும் இல்லை. இழப்பு மட்டும் நிகழ்ந்துவிடுகிறது.

பிடிஎஃப் படி இருக்கிறதே என்பர் சிலர். 2009 ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு ஒழுங்குமுறைக்குப் பின் ஆய்வேடுகள் மின்படியாகச் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன, அது நற்பணியே. ஆனால் பிடிஎஃப் என்பது முடிந்த வரைபடத்தின் நிழற்படம் போன்றது. அதைப் பார்க்கலாம். அதை நம்பி அடுத்த ஆய்வாளர் ஓர் அளவைத் திருத்தி, ஓர் அடுக்கைச் சேர்த்து மேலே செல்ல முடியாது. சரிபார்க்கவும் தொடரவும் இயலாத சான்றை ஆய்வுச் சான்று என்று அழைப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

சுமை மிகுதி என்பது இன்னொரு வாதம். அதற்கும் அடிப்படையில்லை. வரைபடத்தோடு எழுத்துருவையும் அச்சுப்பாணியையும் சேர்த்துக் கட்டும் இ-டிரான்ஸ்மிட் கட்டளை ஆட்டோகேட்டிலேயே இருக்கிறது. பயனர் சுயவிவரத்தை ஏஆர்ஜி கோப்பாக ஏற்றுமதி செய்ய ஒரு நிமிடம் போதும். அமைவுகளை மீட்டமைக்கும் கருவிகூட, அழிக்கும் முன் காப்புப்படி வேண்டுமா என்று கேட்கிறது. மென்பொருளுக்கு இருக்கும் அக்கறை பல்கலைக்கழகத் துறைகளுக்கு இல்லாமற்போனது வெட்கத்துக்குரியது.

1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்துக்கு ஏற்றப்பட்டபோது வில்லியம் லாம்டனின் பெருங்கோணமானி சுவரில் மோதிச் சிதைந்தது. எழுதிய குறிப்பேடுகள் பத்திரமாக இருக்கின்றன என்று அவர் அமைதியடையவில்லை. ஆறு வாரங்கள் அமர்ந்து கருவியைச் சீர்செய்தார். கருவியின் அமைவும் அளவையின் ஒரு பகுதி என்பதை அவர் அறிந்திருந்தார்.

துறைகள் செய்ய வேண்டியவை மூன்றே. பொருள் சுமக்கும் அமைவுக் கோப்புகளைத் தனிவிருப்பங்களிலிருந்து பிரித்து, எவரும் மாற்ற முடியாத பொதுக் கோப்புறையில் வைத்தல். மென்பொருளின் பதிப்பும் தேதியும் குறித்து அவற்றை ஆய்வேட்டோடு ஒப்படைக்கச் செய்தல். ஒப்படைத்ததை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பின்னரே ஏற்றல். மூன்றாவதைச் செய்யாதவர்கள் முதலிரண்டையும் செய்ததாகச் சொல்வதில் பொருளில்லை.